பெஸ்ட் கன்ட்ரோல் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு: லைசென்ஸ், செலவு, சந்தை

ஒரு ஸ்ப்ரேயர், இரண்டு கேன் மருந்து, ஒரு பைக் இருந்தால் பெஸ்ட் கன்ட்ரோல் தொழில் தொடங்கிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். மருந்து அடிக்க அது போதும். சட்டப்படி நடத்தவும், வருட முடிவில் கையில் காசு நிற்கவும் அது போதாது.

புதியவர்கள் செலவுக் கணக்கு போடும்போது மருந்தின் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். உண்மையில் இந்தத் தொழிலில் பணத்தைத் தின்பது மருந்து அல்ல, ஒரே வேலைக்கு இன்னொரு முறை போக வேண்டி வருவது. "அடிச்சுட்டுப் போனீங்க, இன்னும் கரப்பான் ஓடுதே" என்று ஒரு போன் வந்தால் அந்த நாளின் பாதி போய்விடும், அதற்குக் கூலியும் கிடையாது. எந்த லைசென்ஸ் எடுப்பது, என்ன விலை சொல்வது, யாரை கஸ்டமராகத் தேடுவது என்ற எல்லா முடிவையும் இந்த மறுவருகையை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் படி: எந்தப் பூச்சி என்று முடிவு செய்யுங்கள்

லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். எல்லாப் பூச்சிக்கும் ஒரே பயிற்சி கிடையாது, ஒரே கருவி கிடையாது, பல இடங்களில் ஒரே அனுமதியும் கிடையாது.

தொடங்குவதற்கு ஏற்றது கரப்பானும் எறும்பும். ஜெல் (பூச்சி தின்று சாகும் பசை மருந்து) வைக்கும் வேலையில் மருந்து கொஞ்சம்தான் போகும், சமையலறையைக் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சமையலறைகளில் அதிகம் தொல்லை தரும் ஜெர்மன் கரப்பான் ஒரே முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டை வரை வைக்கும். கூட்டுக்குள் இருப்பவற்றை ஸ்ப்ரே தொடாது. அதனால் மோசமாகப் பரவிய இடத்தில் இரண்டாவது முறை போவது வேலையின் ஒரு பகுதி. அதை முதலிலேயே சொல்லி விலையில் சேர்த்துவிட்டால், அது மறுவருகை ஆகாது.

மூட்டைப்பூச்சியும் அப்படித்தான், இன்னும் கடினம். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மறுபடி போயே ஆக வேண்டும். பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்கு மூட்டைப்பூச்சி உலகம் முழுக்கப் பெரிய அளவில் எதிர்ப்புத் திறன் வளர்த்துக்கொண்டுவிட்டது. ஒரே மருந்தை நம்பி ஒரே முறை அடித்து "கேரண்டி" கொடுப்பவர் நிச்சயம் மாட்டிக்கொள்வார். கட்டில் மூட்டு, மெத்தைத் தையல், சுவர்ப் பிளவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் முதல் வருடத்தில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பது நல்லது.

எலி வேலையில் விஷம் வைப்பது சின்னப் பகுதி. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே உள்ளே நுழைந்துவிடும். ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைக்கத் தெரிந்தவரிடம் கஸ்டமர் நிலைத்து நிற்பார்.

கரையான் வேலையில் ஒரே தடவையில் பெரிய தொகை வரும். கூடவே நீண்ட வாரன்டியும் வரும். இன்று துளை போட்டு மருந்து செலுத்திய வீட்டில் மூன்று வருடம் கழித்துக் கரையான் வந்தால் பொறுப்பு உங்களுடையது. அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து பல வீடுகள் செய்து பார்த்த பிறகு இதைத் தனியாக எடுங்கள்.

பியூமிகேஷன், அதாவது மூடிய இடத்தில் நச்சு வாயுவை நிரப்பிப் பூச்சியைக் கொல்லும் வேலை, அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரப்பதம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை வெளியிடும். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் கொல்லக்கூடிய வாயு அது. அதற்கென்று தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் பெற்றவர்கள் கிடங்குகளிலும் கன்டெய்னர்களிலும் செய்கிற வேலை. "ரெண்டு மாத்திரை வெச்சுட்டுப் போங்க" என்று கஸ்டமர் கேட்டாலும், குடியிருக்கும் வீட்டில் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாம் படி: லைசென்ஸின் அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள்

நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயர் மாறும். ஆனால் பெரும்பாலான இடங்களில் கேட்கப்படுபவை நான்கு: மருந்து பதிவு செய்யப்பட்டதா, நிறுவனத்துக்கு லைசென்ஸ் உண்டா, அடிக்கிற ஆளுக்குச் சான்றிதழ் உண்டா, ஆபத்தான வகைகளுக்குத் தனி அனுமதி உண்டா. வியாபாரப் பதிவும் வரிப் பதிவும் இவற்றிலிருந்து வேறானவை. கடைக்கு உரிமம் எடுத்துவிட்டேன், அதுவே போதும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

தமிழர்கள் அதிகம் வாழும் நாடுகளில் இது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். வணிகரீதியாகப் பூச்சிக் கட்டுப்பாடு செய்கிறவருக்கு அல்லது அவருடைய பிரதிநிதி ஒருவருக்கு வேளாண்மைப் பட்டமோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டமோ இருக்க வேண்டும். அதோடு மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) போன்ற, விதியில் குறிப்பிட்ட நிறுவனம் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் பொறுப்பு. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் நிறுவனத்துக்குப் பதிவும் தொழில்நுட்பருக்கு உரிமமும் தனித்தனியாகத் தருகிறது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று அடிப்படையாக இருக்க, தேர்வும் லைசென்சும் மாநில அரசுகள் கையில். பிரிட்டனில் தொழில் தொடங்க ஒற்றை அரசு லைசென்ஸ் என்று இல்லை. ஆனால் தொழில்முறை மருந்துகளை, குறிப்பாக எலி விஷங்களை, வாங்கவே பயிற்சிச் சான்று கேட்பார்கள்.

பட்டம் இல்லாதவர்கள் இங்கேதான் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். யாரோ ஒருவருடைய சான்றிதழை மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து "வாடகைக்கு" எடுத்து லைசென்ஸில் காட்டுவது. அந்த ஆள் எந்த வேலையிடத்துக்கும் வந்திருக்க மாட்டார். ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து விசாரணை வந்தால் முதல் கேள்வியே "பொறுப்பாளர் அன்று எங்கே இருந்தார்?" என்பதுதான். தகுதியுள்ள ஒருவரை உண்மையான பங்குதாரராகவோ ஊழியராகவோ சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு கூடும், ஆனால் இரவில் தூக்கம் வரும்.

அலுவலகத்துக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்:

- வீட்டுப் பூச்சி, கரையான், எலி, பியூமிகேஷன் எல்லாம் ஒரே லைசென்ஸில் வருமா, தனித்தனியா?
- மருந்தை இருப்பு வைக்கும் அறைக்குத் தனி ஆய்வு உண்டா? குடியிருப்புப் பகுதியில் வைக்கலாமா?
- உதவியாளருக்கும் சான்று வேண்டுமா? அவர் தனியாக வேலைக்குப் போகலாமா?
- பக்கத்து மாநிலத்திலோ மாவட்டத்திலோ வேலை செய்தால் இந்த லைசென்ஸ் செல்லுமா?
- புதுப்பிக்கப் பயிற்சி மணிநேரம் காட்ட வேண்டுமா?

பதிலை முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் சொன்னதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று, இது லைசென்ஸைவிட முக்கியம். மருந்து லேபிளில் எழுதியிருப்பது ஆலோசனை அல்ல. அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் லேபிளுக்கு மாறாகப் பயன்படுத்துவதே குற்றம். வயலுக்கென்று பதிவான செறிவான மருந்தை விவசாயக் கடையில் மலிவாக வாங்கி வீட்டுக்குள் அடிக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. பெயரில் அதே ரசாயனம் இருந்தாலும் கரைப்பான் வேறு, செறிவு வேறு, நாற்றம் வேறு. வீட்டுப் பயன்பாட்டுக்குப் பதிவாகாத எதையும் வண்டியில் ஏற்றவே வேண்டாம்.

மூன்றாம் படி: சம்பளத்துக்கு வேலை பாருங்கள்

லைசென்ஸ் விண்ணப்பம் நகர்கிற காலத்தில் சும்மா இருக்காமல் நல்ல நிறுவனம் ஒன்றில் உதவியாளராகச் சேருங்கள். மழைக்காலம், கோடைக்காலம் இரண்டையும் பார்க்கும் அளவுக்கு அங்கே இருந்தால் சிறப்பு. மருந்து கலக்கும் அளவைப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஃபிரிட்ஜின் மோட்டார் பக்கத்தில் கரப்பான் ஏன் சேர்கிறது, கதவுச் சட்டத்தைத் தட்டினால் கரையான் அரித்த மரம் எப்படி ஒலிக்கும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

நான்காம் படி: செலவை உண்மையாகக் கணக்கிடுங்கள்

கருவியில் எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே பார்க்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ரேயர் தொடக்கத்தில் சாதாரணமானதாக இருக்கலாம், வாஷரும் நாசிலும் உபரியாக வைத்திருந்தால் போதும். பாதுகாப்புச் சாதனத்தில் சிக்கனம் கூடாது. துணி முகக்கவசம் மருந்தின் ஆவியைத் தடுக்காது, கார்பன் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், கார்ட்ரிட்ஜையும் காலத்தோடு மாற்ற வேண்டும். நைட்ரைல் கையுறை, கண் கவசம், வேலைக்கென்று தனி உடை. நல்ல டார்ச்சும் ஒட்டுப்பொறி அட்டைகளும் மிகக் குறைந்த காசில் மிகப் பெரிய பலன் தருபவை. பூச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அடித்தால் மருந்தும் குறையும், திரும்பிப் போவதும் குறையும்.

அடுத்தது நிலையான செலவு. லைசென்ஸ் கட்டணம், பயிற்சி, இருப்பு அறை வாடகை, வண்டித் தவணை, போன், கணக்காளர், காப்பீடு. இவற்றை மாதத்துக்குக் கூட்டி, அந்த மாதம் உண்மையில் கிடைக்கக்கூடிய வேலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். "ஒரு நாளைக்கு நாலு வேலை" என்று ஆசையில் வகுத்தால் கணக்கு அழகாக வரும், பணம் வராது. முதல் வருடம் பாதி நாள் காலியாக இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் ஒரு குழி இருக்கிறது. சாதாரணப் பொதுப் பொறுப்புக் காப்பீடுகள் பலவற்றில் "மாசு" அல்லது "ரசாயனம்" சார்ந்த இழப்பு விலக்கு என்று ஒரு வரி இருக்கும். நம் தொழிலில் நடக்கக்கூடிய விபத்தே அதுதான். பூச்சிக்கொல்லி தெளிப்பதால் வரும் பாதிப்புக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே பிரீமியம் கட்டுங்கள். உதவியாளருக்கான விபத்துக் காப்பீடும் சேர்த்து.

இப்போது ஒரு வேலைக்கான செலவு. பெரும்பாலானவர்கள் மருந்தையும் கூலியையும் கூட்டி லாபத்தை மேலே வைப்பார்கள். போக வர ஆகும் நேரம் அதில் இருக்காது. ஒன்றரை மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் சாலையில் போனால், நீங்கள் செய்தது இரண்டரை மணி நேர வேலை. அதற்குத்தான் விலை வைக்க வேண்டும்.

அப்புறம் மறுவருகை. பத்து வேலையில் இரண்டுக்கு மறுபடி போக நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு பயணம் செய்கிறீர்கள். அப்படியானால் ஒரு பயணத்துக்கு ஆகும் முழுச் செலவை 1.2ஆல் பெருக்கினால்தான் ஒரு வேலையின் அசல் செலவு வரும். லாபம் அதற்கு மேல். மூட்டைப்பூச்சிக்கு இரண்டு பயணத்தை அடிப்படையாக வைத்து, மூன்றாவதுக்கு ஒரு பகுதியையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் எந்தப் பூச்சிக்கு, எந்த வகைக் கட்டிடத்தில், எத்தனை முறை திரும்பிப் போனோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் சொந்த எண்கள் கிடைத்துவிடும். ஊரில் என்ன ரேட் ஓடுகிறது என்று விசாரிப்பதைவிட இந்த நோட்டு நம்பகமானது.

இந்தக் கணக்கைப் போட்டதும், ஊரில் பாதி விலைக்குச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்வி வரும். லேபிள் சொல்கிற அளவுக்கு மருந்து போடாமல், பயிற்சி இல்லாத ஆளை அனுப்பி, திரும்பக் கூப்பிட்டால் போனை எடுக்காமல் செய்கிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களோடு விலையில் போட்டி போடாதீர்கள். குறைந்த அளவு மருந்து பூச்சியைக் கொல்லாமல் விடுவதோடு, தாங்கிப் பிழைத்தவற்றை மட்டும் பெருகவிட்டு எதிர்ப்புத் திறனையும் வளர்க்கிறது. அதன் விலையை அந்தத் தெருவே சேர்ந்து கொடுக்கிறது.

ஐந்தாம் படி: இருப்பும் கழிவும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒன்றைக்கூட விடாதீர்கள். பூட்டிய, காற்றோட்டமுள்ள, உணவுப் பொருளோ கால்நடைத் தீவனமோ இல்லாத அறை. மருந்து எப்போதும் அதன் சொந்த லேபிள் உள்ள பாட்டிலில். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி எடுத்துப் போனதால் உயிர்கள் போயிருக்கின்றன, இதில் விதிவிலக்கே கிடையாது. காலி கேனை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரை ஸ்ப்ரேயர் டேங்கிலேயே ஊற்றிப் பயன்படுத்துங்கள், கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள். சாக்கடையில் எதையும் ஊற்றக் கூடாது. சிந்தினால் உறிஞ்ச மணலோ மரத்தூளோ அறையிலும் வண்டியிலும் இருக்கட்டும்.

ஒரே மருந்தை ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். காலாவதி ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். ஒரு காலத்தில் கரையானுக்கு இதைவிட்டால் வேறில்லை என்று இருந்த குளோர்டேன், நீண்ட காலம் அழியாத நச்சு ரசாயனங்களை விலக்குவதற்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மான்ட்ரியல் நெறிமுறையின்படி, மெத்தில் புரோமைடு என்ற பியூமிகேஷன் வாயு வளர்ந்த நாடுகளில் 2005இலும் வளரும் நாடுகளில் 2015இலும் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது, குவாரண்டைன் மற்றும் ஏற்றுமதிக்கு முந்தைய பியூமிகேஷனுக்கு மட்டும் விலக்கு நீடிக்கிறது. பல நாடுகளில் கரையான் வேலைக்குப் பெரிதும் பயன்பட்ட குளோர்பைரிபாஸ், 2025இல் சில விலக்குகளோடு ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் நாட்டின் அனுமதிப் பட்டியலை வருடத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள்.

ஆறாம் படி: யாருக்காக வேலை செய்வது

ஒரு முறை மட்டும் கூப்பிடும் வீட்டுக்காரர்களிடம்தான் எல்லோரும் தொடங்குகிறோம். அங்கே போட்டி விலையில்தான். ஆப் வழியாக வரும் வேலையில் கமிஷன் போக மிச்சம் குறைவு, கஸ்டமரும் ஆப்புக்குத்தான் சொந்தம். தொடக்கத்தில் கையில் வேலை இருக்க அது உதவும், ஆனால் அதையே நம்பி ஆள் சேர்க்காதீர்கள்.

தொழில் நிற்பது வருடாந்திர ஒப்பந்தத்தில். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், பள்ளி, மருத்துவமனை, உணவகம், பேக்கரி, உணவுக் கிடங்கு. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பூச்சிக் கட்டுப்பாடு என்பது ஆடிட்டில் காட்ட வேண்டிய ஆவணமும்கூட. எலிப்பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடம், ஒவ்வொரு வருகைக்கும் அறிக்கை, பயன்படுத்திய மருந்தின் லேபிள், பாதுகாப்புத் தரவுத் தாள், லைசென்ஸ் நகல், எந்தப் பெட்டியில் எந்த மாதம் விஷ இரை எவ்வளவு கடிபட்டது என்ற பதிவு, எல்லாம் கோப்பில் ஒழுங்காக வைத்துத் தருகிற சின்ன நிறுவனத்தை அவர்கள் எளிதில் மாற்ற மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: பெரிய இடங்கள் பணம் தரத் தாமதமாகும். 60 நாள் கடன் தாங்க முடியாவிட்டால் அந்த ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் கழித்து எடுங்கள்.

பெரிய நிறுவனங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அவை எப்படி வளர்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் ரென்டோகில் 2022இல் அமெரிக்காவின் டெர்மினிக்ஸை வாங்கியது, இரண்டுமே உலக அளவில் பெயர்பெற்றவை. இந்த நிறுவனங்கள் சின்ன உள்ளூர் நிறுவனங்களையும் தொடர்ந்து வாங்குகின்றன. வாங்கும்போது அவை பார்ப்பது உங்கள் ஸ்ப்ரேயரை அல்ல, தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களை. நாளைக்கு விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் உங்கள் தொழிலின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

உள்ளூர்க்காரருக்கு இருக்கும் பலம் நெருக்கம். ஒரே தெருவில், ஒரே குடியிருப்பில் பத்து கஸ்டமர் இருந்தால் பயண நேரம் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. ஊரின் நாலு மூலையிலும் நாற்பது பேரைப் பிடிப்பதைவிட, இரண்டு பகுதிகளில் இருபது பேரைப் பிடிப்பதில் லாபம் அதிகம். ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீட்டில் ஒரு அட்டை கொடுத்துவிட்டு வாருங்கள். குழாய் வழியாகவும் சுவர்ப் பிளவு வழியாகவும் கரப்பான் அங்கேயும்தான் போய்க்கொண்டிருக்கும்.

ஏழாம் படி: கொட்டேஷனும் பதிவேடும்

போனில் விலை சொல்லாதீர்கள். நேரில் பார்த்து, கண்டதைப் புகைப்படம் எடுத்து, எழுத்தில் கொடுங்கள். எந்தப் பூச்சி, எந்தெந்த அறை, எந்த மருந்து, எத்தனை வருகை, எத்தனை நாளில் பலன் தெரியும், வாரன்டி எவ்வளவு காலம், எப்போது வாரன்டி செல்லாது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். கஸ்டமர் செய்ய வேண்டியதையும் எழுதுங்கள்: கசியும் குழாயைச் சரிசெய்வது, அட்டைப்பெட்டிகளை அகற்றுவது, ஜெல் வைத்த இடத்தைத் துடைக்காமல் விடுவது. ஜெல் வைத்த மறுநாளே வாசனை ஸ்ப்ரே அடித்துவிட்டு "மருந்து வேலை செய்யலை" என்கிற போன்கள் இந்த ஒரு பத்தியால் பாதியாகக் குறையும்.

வேலைக்கு முன் வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா நோயாளி, மீன்தொட்டி, செல்லப்பிராணி இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பைரெத்ராய்டு மீன்களுக்குக் கடும் நஞ்சு, பூனைக்கும் சில பைரெத்ராய்டுகள் ஆகவே ஆகாது. எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம் என்பதை லேபிளைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மருந்தின் பெயர், தொகுப்பு எண், கலந்த அளவு, அடித்தவர், நேரம் எல்லாம் உங்கள் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். ஏதாவது நடந்து மருத்துவர் "என்ன மருந்து?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். எலி விஷங்களில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை, அவற்றுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து. பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே இல்லை. சரியான பெயரை உடனே சொல்வது சிகிச்சையையே மாற்றும்.

கடைசியாக, லைசென்ஸ், பயிற்சிச் சான்று, காப்பீடு மூன்றும் முடியும் தேதிகளை ஒரே இடத்தில் எழுதி, 90 நாள் முன்பே நினைவூட்டல் வையுங்கள். அமெரிக்காவில் ஒருவருடைய சான்று அதிகபட்சம் 5 வருடம்தான் செல்லும், மற்ற இடங்களிலும் அதற்கென்று கெடு உண்டு. லைசென்ஸ் காலாவதியான வாரத்தில் நடந்த விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம், உணவுத் தொழிற்சாலை ஒப்பந்தமும் அன்றைக்கே போகலாம். புதுப்பிப்பு தாமதமானால் அந்த நாட்களுக்கு வந்த வேலையை லைசென்ஸ் உள்ள இன்னொரு உள்ளூர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே அப்படி ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு அனுமதி இல்லாத பியூமிகேஷன் வேலைகளையும் அவருக்கே அனுப்பலாம்.